அப்பார்ட்மெண்டில் மின்சாரக் கார் சார்ஜர்: எத்தனை கிலோவாட் கேட்பது, யாரிடம், எந்த வரிசையில்

மின்சாரக் கார் வாங்கினால் சார்ஜரையும் பல கம்பெனிகள் கையோடு கொடுத்துவிடுகின்றன. சுவரில் மாட்ட ஆளும் அனுப்புகிறார்கள். தனி வீடாக இருந்தால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். அடுக்குமாடியில் அந்த ஆள் வந்து, மீட்டர் ரூமைப் பார்த்து, "அசோசியேஷன்ல பேசிட்டுக் கூப்பிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போவார். அங்கிருந்துதான் உங்கள் அலைச்சல் ஆரம்பம். எங்கள் குடியிருப்பில் அந்த அலைச்சல் என் பங்குக்கு வந்தது. சென்னையிலோ தமிழ்நாட்டின் வேறு ஊர்களிலோ பத்து முதல் ஐம்பது, அறுபது வீடுகள் உள்ள கட்டடத்தில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. இரண்டு கணக்குகள் உண்டு, இரண்டும் வேறு வேறு. உங்கள் சார்ஜருக்குப் போகும் வயர் எவ்வளவு தாங்க வேண்டும் என்பது ஒன்று. கட்டடம் முழுவதற்கும் ஈபியிடம் எவ்வளவு கேட்க வேண்டும் என்பது இன்னொன்று. முதல் கணக்கில் கஞ்சத்தனம் கூடாது. இரண்டாவதில் தாராளம் கூடாது. ஒப்பந்ததாரர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

1. சார்ஜருக்கு முன் காரைப் பாருங்கள்

சுவரில் மாட்டும் பெட்டி எத்தனை கிலோவாட் என்பதைவிட, காருக்குள் இருக்கும் சார்ஜர் எவ்வளவு வாங்கும் என்பதே முக்கியம். டாடாவின் டியாகோ இவி கார் 2022இல் வந்தபோதே 3.3 கிலோவாட், 7.2 கிலோவாட் என இரண்டு தேர்வுகள் இருந்தன. 3.3 மட்டும் வாங்கும் காருக்கு 7.2 பெட்டி மாட்டினாலும் அது 3.3தான் இழுக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் கூடுதல் மின்பளுவுக்கு (லோடு) ஈபியில் பணம் கட்டாதீர்கள்.

அடுத்து, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள்? நம் ஊர்க் கார்கள் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 6 முதல் 8 கிலோமீட்டர் ஓடுகின்றன. தினமும் 40 கிலோமீட்டர் என்றால், சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து 7 யூனிட் போதும். சாதாரண 16 ஆம்பியர் பிளக்கில், சுமார் 3 கிலோவாட்டில், இரண்டரை மணி நேர வேலை. ஆக, ராத்திரி முழுக்க வண்டி நிற்கும் வீட்டில் 7.2 கிலோவாட் அவசியமா என்று ஒரு தடவை யோசியுங்கள். டாக்சி ஓட்டுபவர், வாரம் ஒருமுறை திருச்சி போய் வருபவர், 60, 70 யூனிட் பேட்டரி வைத்திருப்பவர் ஆகியோருக்கு அது தேவை. மற்றவர்களுக்கு வசதி, அவ்வளவுதான்.

2. ஈபி பில்லையும் கார்டையும் எடுத்து வையுங்கள்

மூன்று விஷயம் பார்க்க வேண்டும். இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, அனுமதிக்கப்பட்ட மின்பளு எத்தனை கிலோவாட், சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா.

பெயர்தான் பலருக்கும் முதல் முட்டுக்கட்டை. வீடு வாங்கிப் பத்து வருடம் ஆகியிருக்கும், பில் இன்னும் பில்டர் பெயரிலோ முந்தைய உரிமையாளர் பெயரிலோ வந்துகொண்டிருக்கும். பில் கட்டும்வரை அது யாரையும் உறுத்தாது. கூடுதல் மின்பளு கேட்கப் போனால் முதல் கேள்வியே அதுதான். அதனால் பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். கிரயப் பத்திர நகலும் சொத்து வரி ரசீதும் கையில் இருக்கட்டும். நீங்கள் வாடகைக்கு இருந்தால் விண்ணப்பம் உரிமையாளர் பெயரில்தான் போகும். அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வீட்டைக் காலி செய்யும்போது கேபிள் யாருக்கு என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

மின்பளு விஷயம். தமிழ்நாட்டில் சிங்கிள் ஃபேஸ் இணைப்பு 4 கிலோவாட் வரைதான். அதில் ஏசியும் கீசரும் ஓடிக்கொண்டிருக்க, 3.3 கிலோவாட் சார்ஜரே இடிக்கும். 7.2க்கு த்ரீ ஃபேஸ் கட்டாயம்.

த்ரீ ஃபேஸ் இருப்பவர்களும் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. 7.2 கிலோவாட் சார்ஜர் பெரும்பாலும் சிங்கிள் ஃபேஸில் வேலை செய்வது; 32 ஆம்பியரையும் ஒரே ஃபேஸிலிருந்து இழுக்கும். உங்களுக்கு 8 கிலோவாட் த்ரீ ஃபேஸ் அனுமதி என்றால், பங்கு பிரித்தால் ஒரு ஃபேஸுக்குச் சுமார் 12 ஆம்பியர்தான். மொத்தக் கணக்கில் 7.2 அடங்கிவிட்டதுபோல் தெரியும். ஆனால் அதே ஃபேஸில் படுக்கையறை ஏசியும் இருந்தால் இரவு பதினொரு மணிக்கு மெயின் விழும். எந்த சர்க்யூட் எந்த ஃபேஸில் இருக்கிறது என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்து, ஏசிகளை மற்ற இரண்டுக்கும் மாற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் சார்ஜர் 16 ஆம்பியருக்கு மேல் இழுக்காதபடி வைக்கச் சொல்லுங்கள். பல சார்ஜர்களில் அந்த வசதி உண்டு, நீங்கள் கேட்டால்தான் மாட்ட வருபவர் செய்வார்.

3. கட்டடத்தின் உச்சத்தை அளந்து பாருங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வதும் இதில்தான்.

40 வீடுகள், வீட்டுக்கு 8 கிலோவாட் அனுமதி என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 320 கிலோவாட். ஆனால் கீழே மெயின் பேனலில் 200 ஆம்பியர் சுவிட்ச்தான் இருக்கலாம். அதன் வழியே அதிகபட்சம் 138 கேவிஏ, தோராயமாக அத்தனை கிலோவாட்தான் வரும். எல்லோரும் ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் போட மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு அது, இத்தனை வருடமாக ஓடிக்கொண்டும் இருக்கிறது. கார் வந்தால் அந்த நம்பிக்கை ஆட்டம் காணும். மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடும், கீசர் அரை மணி ஓடும், கார் மணிக்கணக்கில் முழு வேகத்தில் இழுக்கும். அதுவும் எல்லோரும் ஆபீஸ் விட்டு வந்து எட்டு, ஒன்பது மணிக்கு ஒன்றாகச் செருகுவார்கள். "என் வீட்டு லோடுக்குள்தானே போடுகிறேன், அசோசியேஷனுக்கு என்ன?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அளக்கும் முறை: உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரை அழைத்து, மெயின் பேனலில் மூன்று ஃபேஸுக்கும் லாகர் (மின்னோட்டத்தை நேரத்தோடு பதிவு செய்துகொண்டே இருக்கும் கருவி) மாட்டி ஒரு வாரம் பதிவு செய்யச் சொல்லுங்கள். வாடகைக்குக் கிடைக்கும். லாகர் இல்லாவிட்டால் கிளாம்ப் மீட்டர் (கம்பியைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தைக் காட்டும் மீட்டர்) வைத்து இரவு ஒன்பது, பதினொன்று, மூன்று மணிக்கு அளந்து எழுதலாம். மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் பேனல், நீங்கள் கை வைக்காதீர்கள்.

எப்போது அளப்பது? மே மாதம், கத்திரி வெயிலில். டிசம்பர் மழையில் அளந்தால் பேனல் காலியாக இருப்பதுபோல் தெரியும். அந்த எண்ணை நம்பிச் சார்ஜர் போட்டவர்கள் ஏப்ரலில் ஃபியூஸ் மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு உதாரணம். இரவு 11 மணிக்கு மூன்று ஃபேஸ்களில் 110, 95, 140 ஆம்பியர். அதிகாலை 3 மணிக்கு 85, 75, 105. சுவிட்ச் 200 ஆம்பியர். மணிக்கணக்கில் ஓடும் பளுவுக்கு அதில் 80 சதவீதத்துக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது, ஆக 160. சராசரி பார்க்காதீர்கள், அதிகம் சுமக்கும் ஃபேஸைப் பாருங்கள். 11 மணிக்கு அதில் மிச்சம் 20 ஆம்பியர். ஒரே ஒரு 7.2 சார்ஜரைக்கூட அது தாங்காது. 3 மணிக்கு மிச்சம் 55. மூன்று ஃபேஸிலும் 55 என்று அடக்கமாக வைத்தாலே 38 கிலோவாட்.

இப்போது கார்கள். 12 கார்கள், ஆளுக்கு 7 யூனிட், மொத்தம் 84 யூனிட். 38 கிலோவாட்டில் இரண்டேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். இரவு 11 முதல் காலை 6 வரை பரப்பினால் சராசரி 12 கிலோவாட்தான். ஒப்பந்ததாரர் தரும் கணக்கோ 12 பெருக்கல் 7.2, அதாவது 86 கிலோவாட். 2019இல் திருத்தப்பட்ட மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகளைக் காட்டி அதை 1.25ஆல் பெருக்கி 108 என்றும் சொல்வார். அந்த விதி, வாகன நிறுத்தத்தில் 20 சதவீதத்துக்குச் சார்ஜிங் வசதியும், எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும் என்ற கணக்கும் கேட்பது. புதிதாகக் கட்டும்போது அப்படிப் போட்டு வைப்பது நல்லதுதான். பழைய கட்டடத்தில் அதைப் பிடித்துக்கொண்டால் புது கேபிள், புது பேனல், சில இடங்களில் சொந்த ட்ரான்ஸ்பார்மர் வரை போய் நிற்கும்.

12க்கும் 86க்கும் நடுவே எங்கே நிற்பது? இந்த உதாரணக் கட்டடத்துக்கு நான் 30 கிலோவாட் என்பேன், ஆனால் கூடவே பளு மேலாண்மைக் கருவி வேண்டும். அது மெயின் பேனலின் மின்னோட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஏசி பளு ஏறும்போது கார்களுக்குப் போவதைக் குறைக்கும், இறங்கும்போது கூட்டும். நான்கு கார் வரைக்கும் கருவி வேண்டாம். காரின் ஆப்பிலேயே சார்ஜ் தொடங்கும் நேரம் வைக்கலாம், ஆளுக்கொரு நேரம் பிரித்துக்கொண்டால் போதும். அதற்கு மேல் போனால் மனிதர்களை நம்ப முடியாது.

ஸ்கூட்டர்களை மறந்துவிடாதீர்கள். ஒரு ஸ்கூட்டருக்கு முக்கால் கிலோவாட்தான், ஆனால் கார் ஒன்று வருவதற்குள் ஸ்கூட்டர் ஐந்து வந்துவிடும்.

4. மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

முதல் வழி, உங்கள் வீட்டு மீட்டரிலிருந்தே இழுப்பது. நம் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி ஈபி மீட்டர், அது கீழ்த்தளத்திலேயே இருக்கும். வேறு மாநிலத்தவர் பொறாமைப்படும் வசதி இது. சொந்த வீட்டில் இருக்கும் இணைப்பிலேயே வண்டிக்குச் சார்ஜ் போடலாம் என்று மத்திய மின் அமைச்சகத்தின் வழிகாட்டு நெறிமுறைகளும் சொல்கின்றன. பில் உங்களுடையது, யாரோடும் கணக்கு வழக்கு இல்லை.

செலவில் ஒரு பொறி உண்டு. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால் 160 யூனிட், இரண்டு மாத பில்லில் 320. வீட்டு உபயோகத்தோடு சேர்ந்து இது 500ஐத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. கீழே 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்கு இருந்த மலிவு விலையும் போய்விடும். பெட்ரோலோடு ஒப்பிட்டால் இன்னும் லாபம்தான். ஆனால் ஷோரூமில் போட்டுக் காட்டிய கணக்கு அது இல்லை.

இரண்டாவது வழி, பொது மீட்டரிலிருந்து இழுத்து, சப் மீட்டர் வைத்துப் பிரித்துக்கொள்வது. பார்க்கிங் மாறி மாறி வரும் இடங்களுக்கு, கார் அதிகம் உள்ள இடங்களுக்கு இது வசதி. பொதுப் பயன்பாட்டுக்கு 100 யூனிட் இலவசம் கிடையாது. 2022 செப்டம்பரில் யூனிட் 8 ரூபாய் என்று வந்தது. 2023இல் லிஃப்ட் இல்லாத, மூன்று மாடி, பத்து வீட்டுக்கு உட்பட்ட கட்டடங்களுக்கு மட்டும் 5.50 ஆகக் குறைத்தார்கள். அதன்பின் திருத்தங்கள் வந்திருக்கின்றன, உங்கள் கடைசி பில்லில் உள்ள விலையை வைத்தே கணக்குப் போடுங்கள். யூனிட் விலையோடு, கிலோவாட்டுக்கு இவ்வளவு என்று மாதா மாதம் நிலைக் கட்டணமும் சேரும். தேவையில்லாமல் 86 கிலோவாட் வாங்கி வைத்தால் கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அதைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். "அசோசியேஷன் கரண்ட் விற்கலாமா?" என்று யாராவது கூட்டத்தில் எழுந்து கேட்பார். சார்ஜிங் என்பது சேவை, அதற்கு மின் விநியோக உரிமம் தேவையில்லை என்று மத்திய மின் அமைச்சகம் 2018 ஏப்ரலிலேயே தெளிவுபடுத்திவிட்டது.

மூன்றாவது, வண்டிக்கென்றே தனி இணைப்பு. 2024இல் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள் இதற்கு வழி செய்கின்றன. இதில் போவதற்கு முன் எந்தக் கட்டணப் பட்டியலில் பில் வரும் என்று ஈபியின் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

என் கருத்து: ஐந்து காருக்குள் என்றால் முதல் வழி, கூடவே கட்டடத்துக்குப் பொதுவான நேரக் கட்டுப்பாடு. அதற்கு மேல் இரண்டாவது.

5. அசோசியேஷன் தீர்மானம்

வாட்ஸ்அப் குழுவில் "ஓகே" வாங்கினால் போதாது. கூட்ட நடவடிக்கைப் புத்தகத்தில் தீர்மானமாக எழுத வேண்டும். அதில் இருக்க வேண்டியவை: கேபிள் எந்த வழியாகப் போகும், பொதுவான கேபிள் தட்டுக்கும் பேனலுக்கும் யார் செலவு, அங்கிருந்து அவரவர் சார்ஜருக்குப் போகும் கடைசித் துண்டுக்கு யார் செலவு, பின்னால் சேருபவர் எவ்வளவு தர வேண்டும், மொத்தக் கிலோவாட் வரம்பு எவ்வளவு. முதல் கார்க்காரர் தலையில் முழுச் செலவையும் கட்டிவிட்டு அடுத்தவர்கள் இலவசமாக ஏறிக்கொள்வதுதான் பல குடியிருப்புகளில் சண்டைக்குக் காரணம். கட்டடக் காப்பீடு இருந்தால் அந்தக் கம்பெனிக்கும் ஒரு கடிதம் அனுப்பிவிடுங்கள்.

6. ஈபி விண்ணப்பம்: ஆவணம், பணம், நாள்

டான்ஜெட்கோ என்று நாம் சொன்னது 2024இல் பிரிக்கப்பட்டு, மின் விநியோகம் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்திடம் வந்திருக்கிறது. விண்ணப்பம் இணையத்தில்தான். ஆனாலும் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரை முதலில் நேரில் பார்த்துவிடுங்கள். ட்ரான்ஸ்பார்மரில் இடம் இருக்கிறதா என்பது அவருக்குத்தான் தெரியும். உங்கள் லாகர் அறிக்கையைக் கையில் கொண்டுபோனால் பேச்சின் தொனியே மாறும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை: கடைசி பில், கிரயப் பத்திர நகல், சொத்து வரி ரசீது, ஆதார், பொது இணைப்பாக இருந்தால் சங்கப் பதிவுச் சான்றும் தீர்மான நகலும், உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் கையெழுத்திட்ட சோதனை அறிக்கை. கட்டடம் 15 மீட்டருக்கு மேல் உயரம் என்றால் மின் ஆய்வாளரின் அனுமதியும் இடையில் வரும். அதற்குத் தனியாக நாள் ஒதுக்குங்கள்.

பணம் பல தலைப்புகளில் போகும்: பதிவுக் கட்டணம், கிலோவாட் கணக்கில் மேம்பாட்டுக் கட்டணம், காப்பு வைப்புத்தொகை, மீட்டர் வைப்புத்தொகை. மண்ணுக்கடியில் கேபிள் போகும் புதைவடப் பகுதிகளில் மேம்பாட்டுக் கட்டணம் மேல்நிலைக் கம்பிப் பகுதியைவிட அதிகம்; சென்னையின் பெரும்பகுதி புதைவடம். இதெல்லாம் கிலோவாட்டோடு சேர்ந்தே ஏறும், அதனால்தான் மூன்றாவது படியில் அவ்வளவு நேரம் நின்றோம். தாழ்வழுத்த இணைப்புக்கு நெடுங்காலம் 112 கிலோவாட் என்ற எல்லை இருந்தது. பொது இணைப்பின் மொத்தப் பளு அந்தப் பக்கம் நெருங்கினால், இப்போது எல்லை எங்கே என்று கேட்டுவிட்டு எண்ணை எழுதுங்கள். தாண்டினால் உயரழுத்த இணைப்பு, சொந்த ட்ரான்ஸ்பார்மர், அதற்கு இடம்.

நாள் கணக்கு: 2024 விதிப்படி பெருநகரில் 3 நாள், மற்ற நகராட்சிகளில் 7, கிராமங்களில் 15. முழுமையான விண்ணப்பம் போன பிறகுதான் இது ஓடத் தொடங்கும். கேபிளோ ட்ரான்ஸ்பார்மரோ மாற்ற வேண்டியிருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது. காரை முன்பதிவு செய்த அன்றே பெயர் மாற்றத்தையும் அளவீட்டையும் தொடங்கிவிட்டால் வண்டி வருவதற்குள் பாதி தூரம் வந்திருப்பீர்கள்.

7. வயரிங்: இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்

மீட்டர் ரூமிலிருந்து உங்கள் பார்க்கிங் 50 மீட்டர் என்று வையுங்கள். 32 ஆம்பியருக்கு 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதும் என்பார்கள். சூடு தாங்கும், சரி. ஆனால் போக வர 100 மீட்டரில் 10 வோல்ட் இறங்கும், 300 வாட் வழியிலேயே சூடாகப் போகும், ஒவ்வொரு ராத்திரியும். 10 சதுர மில்லிமீட்டர் போட்டால் இறக்கம் 6 வோல்ட்டுக்குள் நிற்கும். அந்தத் தூரத்தில் சார்ஜரைவிடக் கேபிளுக்கும் தட்டுக்கும்தான் அதிகம் செலவாகும், மேற்கோள் வாங்கும்போது மீட்டர் விலையும் நீளமும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். சார்ஜருக்கு ஜிஎஸ்டி 2019 ஆகஸ்ட் முதல் 5 சதவீதம். மொத்தத்தையும் 18இல் போட்டு பில் கொடுத்தால் பிரிக்கச் சொல்லுங்கள்.

மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளிலிருந்து சில: ஒவ்வொரு சார்ஜருக்கும் தனி சர்க்யூட், தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்). சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில். வண்டி நிற்கும் இடத்திலிருந்து 5 மீட்டருக்குள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. வேளச்சேரி, முடிச்சூர் போல தண்ணீர் நிற்கும் இடங்களில் 800 போதாது. 2015இலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று வாட்ச்மேனைக் கேட்டு அதற்கு மேலே மாட்டுங்கள். பேஸ்மெண்ட் பார்க்கிங் என்றால், சார்ஜர்களுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச் தரைத்தளத்தில் இருக்கட்டும்.

16 ஆம்பியர் சாக்கெட்டில் சார்ஜ் போடுபவர்கள், முதல் வாரம் ஒரு மணி நேரம் ஓடிய பின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் மட்டமான சாக்கெட், அல்லது ஸ்க்ரூ தளர்வு. உடனே நிறுத்துங்கள். மலிவு சாக்கெட் உருகி, பிளக்கின் பின்கள் பழுப்பாகிப் போவது சர்வ சாதாரணம்.

எர்த். பழைய கட்டடங்களில் எர்த் குழி வறண்டு கிடக்கும், வீட்டில் எல்லாம் ஓடும், கார் சார்ஜர் மட்டும் சிவப்பு விளக்குக் காட்டி மறுக்கும். அது சார்ஜரின் குறை இல்லை. சார்ஜர்களுக்கென்று தனி எர்த் போட்டு, மின்தடையை அளந்து எழுதி வாங்குங்கள்.

ஜெனரேட்டரைக் கேட்க மறந்துவிடுவார்கள். சார்ஜர் சர்க்யூட்டை சேஞ்ச்ஓவருக்கு (ஈபியிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச்) பின்னால் இணைத்தால், கரண்ட் போகும்போது காரும் ஜெனரேட்டரில் ஏறிக்கொள்ளும். லிஃப்டில் ஆள் இருக்கும்போது ஜெனரேட்டர் விழுந்தால் அடுத்த கூட்டத்தில் உங்கள் பெயர்தான் முதல் அஜெண்டா. சேஞ்ச்ஓவருக்கு முன்னால், ஈபி பக்கம் மட்டும் இணைக்கச் சொல்லுங்கள். மீட்டரின் சீல் வைத்த பகுதியை எலக்ட்ரீஷியன் தொடவே கூடாது; மீட்டருக்குப் பின் தனி டபுள் போல் எம்சிபி (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் சுவிட்ச்) வைத்து அங்கிருந்து இழுக்க வேண்டும்.

8. ஓட ஆரம்பித்த பின்

அடுத்த கோடையில் இன்னொரு தடவை லாகர் மாட்டுங்கள். புதிதாக ஏசி வாங்கிய வீடுகள், புதிதாக வந்த கார்கள் எல்லாம் அதில் தெரியும். பில்லில் பதிவான உச்சத் தேவை, அனுமதிக்கப்பட்ட பளுவைத் தாண்டியிருந்தால் ஈபி நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே கூடுதல் பளுவுக்கு எழுதிவிடுங்கள். புதிதாகக் கார் வாங்கப் போவதாகச் சொல்பவரிடம் லாகர் அறிக்கையின் நகல் ஒன்றையும், பேனலில் எந்த ஃபேஸில் இடம் இருக்கிறது என்ற குறிப்பையும் கொடுத்துவிடுங்கள். அவர் ஒப்பந்ததாரர் அந்த ஃபேஸிலேயே இணைக்கட்டும்.